எட்டாம் நம்பர் கால்

செவ்வாய்க்கிழமை காலையில் துவைக்கிற துணியையெல்லாம் வாளியைச் சுற்றிக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தவள், புருஷனுடைய காலுறை ஒன்றை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். பெருவிரல் இருக்கும் இடத்தில் துணி கஞ்சி போட்டது மாதிரி மொடமொடவென்று நின்றது.

வேறொருத்தியாக இருந்தால் சோப்பை அப்பி, இரண்டு கும்மு கும்மி, அலசிப் போட்டிருப்பாள். இவளால் அது முடியாது. ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறவள் இவள். அறைகளிலிருந்து கழற்றி வரும் விரிப்பும் தலையணை உறையும் மேஜைத் துணியும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் இவள் கைக்குத்தான் வரும். எது டீ, எது உதட்டுச் சாயம், எது பேனா மை, எது வந்து தங்கியவர் வெளியே சொல்ல வெட்கப்படுகிற சமாசாரம் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்து, எதற்கு என்ன மருந்தோ அந்தத் தொட்டியில் தூக்கிப் போடுவாள். அங்கே இவளுக்குக் 'கறை டாக்டர்' என்று பட்டம். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

காலுறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள் வளையம். ஒரு மூலையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து மெல்லக் கசக்கினாள். பழுப்பு இளகி, இளஞ்சிவப்பாக விரல் வழியே இறங்கியது. இரத்தம்தான். அந்த மஞ்சள் வளையம் இரத்தம் இல்லை, அதைவிட மோசமானது, சீழ்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

அவர் கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். அது முடிய எப்படியும் கால்மணி நேரம் ஆகும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"பஸ் நாளைக்கும் வரும். இது என்னன்னு பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "அதுவா. புது ஷூவோட சாயம். பிரவுன் லெதர் முதல் வாரம் அப்படித்தான் சாயம் விடும். கஸ்டமருக்கு நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்றேன்."

"சாயம் வெளியிலேருந்து உள்ள வரும். இது உள்ளேருந்து வெளிய வந்திருக்கு."

"ஷூ விக்கிறது நீயா, நானா?"

"துணி பாக்குறது யாரு? காலைக் காட்டுங்க."

அவர் முப்பது வருஷமாகச் செருப்புக் கடையில் விற்பனையாளர். கடையில் எல்லாரும் அவரை 'மாப்பிள்ளை' என்பார்கள். எந்தக் கிழமையில் பார்த்தாலும் கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஒவ்வொரு பருவத்துக்கும் புது மாடல் இறங்கியதும் முதல் ஜோடியை முதலாளி அவரிடம் நீட்டிவிடுவார். அவர் அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடப்பார். வாங்க வந்தவர் எதிலும் மனம் நிற்காமல் தடுமாறும்போது, பாக்கெட்டில் கைவிட்டு, கால்சட்டையைத் தற்செயலாகத் தூக்கியது போல இரண்டு அங்குலம் தூக்குவார். "நீங்க போட்டிருக்கீங்களே, அது இருக்கா?" என்று கேள்வி வரும். கடையில் பாதி வியாபாரம் தன் காலைப் பார்த்துத்தான் நடக்கிறது என்பது அவருடைய முடிவு. முதலாளி அதை மறுத்துப் பேசியதும் இல்லை.

இந்த முறை வந்தது பழுப்பு நிறத்தில், முன்பக்கம் ஒடுங்கி நீண்ட மாடல். போன வெள்ளிக்கிழமை மாட்டியவர் இன்று ஐந்தாம் நாளாக மாட்டப்போகிறார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, புதிதாகப் போட்டிருந்த காலுறையை இவளே உருவினாள். வலது பெருவிரலின் நுனி பிளந்திருந்தது. சுற்றிலும் தோல் ஊறி வெளுத்து, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. இவள் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். நுனியில் ஈரம் கசிந்தது.

"இப்ப?"

"இல்லன்னு சொல்றேன்ல. வலியே இல்ல. அதான் ஒண்ணுமில்லங்கறேன்."

அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். மாத்திரை ஞாபகம் வந்த நாளில் உண்டு, வராத நாளில் இல்லை. வலித்திருந்தால் இவளுக்குப் பாதி பயம் போயிருக்கும். ஒரு சத்தமும் போடாமல், அழுத்தின விரலை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததுதான் இவளை உலுக்கிவிட்டது.

வாசலில் பளபளவென்று நின்ற ஷூவை எடுத்தாள். உள்ளே கைவிட்டாள். முன்பக்கம் போகப் போகக் குறுகி, விரல் மாட்டிக்கொண்டது. நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். நெல்லிக்காய் அளவில் ஒரு காகித உருண்டை வந்து தரையில் விழுந்து உருண்டது. கல் மாதிரி இறுகி, ஒரு பக்கம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். ஷூவின் மூக்கு நசுங்காமல் இருக்கத் தொழிற்சாலையில் திணித்து அனுப்புகிற காகிதம் அது. அவர் முப்பது வருஷமாக, எந்தப் புதுச் செருப்பையும் அடுத்தவர் காலுக்கு நீட்டும் முன்னால் இரண்டு விரலை உள்ளே விட்டு உருவி எறிந்துவிட்டுத்தான் நீட்டுவார். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே அவரைத் தேடி வருகிற கிழவிகள் உண்டு. தன்னுடையதில் மேலே இருந்த பெரிய காகிதத்தை எடுத்தவர், மூக்குக்குள் இருந்த சின்னதை விட்டுவிட்டார். மற்றவர்களுக்கு விட்டுப்போனால் கால் சொல்லிவிடும்; அவருடைய கால் சொல்லவில்லை.

"நாலு நாளா இதோடயா நடந்தேன்?" என்றார்.

அன்றைக்கு அவர் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. இவளும் வேலைக்கு விடுப்பு சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இவள் மாட்டிக்கொண்டது அவர் வாங்கிக் கொடுத்த கறுப்புச் செருப்பு. முன்னால் ஒடுங்கி, பின்னால் குதி உயர்ந்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வருஷத்துக்கு இரண்டு ஜோடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எல்லாம் ஐந்தாம் நம்பர், எல்லாம் பார்க்க லட்சணம். ஒன்றுகூட இவளுக்குப் பொருந்தியதில்லை. முதல் ஜோடியை மண்டியிட்டு மாட்டிவிட்டு, "இறுக்குதா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது, அந்த முகத்தைப் பார்த்து, "இல்லையே, சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். புதுப்பெண் சொன்ன பொய். அப்புறம் அதை வாபஸ் வாங்க ஒரு நல்ல நாள் வாய்க்கவே இல்லை. செருப்புக் கடைக்காரருடைய சம்சாரம் செருப்பு கடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தெருமுனை வரைக்கும் அவர் கொடுத்தது. முனையில் மூடிக் கிடக்கும் சாவிக் கடையின் சுவரில் கையை ஊன்றி, பைக்குள்ளிருந்து அகலமான கான்வாஸ் ஷூவை எடுத்து மாற்றிக்கொண்டு வேலைக்கு. திரும்பும்போது அதே சுவர், அதே மாற்றல். அவர் வீட்டுக்கு வருவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்பே இவள் வந்துவிடுவதால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பங்கமும் வரவில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து போகும்போது வழியே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவரைப் படுக்க வைத்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தாள்.

"சார், கண்ணை மூடிக்கங்க. நான் இத வச்சு உங்க கால்ல தொடுவேன். தொடறது தெரிஞ்சா 'ஆமா' சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவர் கண்ணை மூடினார். நர்ஸ் குதிங்காலைத் தொட்டாள். "ஆமா" என்றார். நடுப்பாதம். கொஞ்சம் பொறுத்து "ஆமா." விரல் நுனி. "ஆமா." அடுத்தது. "ஆமா." இவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அப்புறம்தான் பார்த்தாள், நர்ஸ் இழையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள்.

"ஆமா" என்றார் அவர். இரண்டு மூச்சு கழித்து மறுபடியும், "ஆமா."

"சார், நான் இன்னும் தொடவே இல்லையே."

அவர் கண்ணைத் திறந்தார். எதிரில் இருப்பவர் என்ன பதில் எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லிச் சொல்லியே பழகின வாய். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி முகம் சிவந்துவிட்டது. நர்ஸ் சிரிக்கவில்லை. "பரவாயில்ல சார், நிறையப் பேரு இப்படித்தான் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் அம்மாள் புண்ணைச் சுத்தம் செய்து, படம் எடுக்கச் சொல்லி, வந்த படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னைக்குப் படத்துல எலும்பு சுத்தமா இருக்கு. ஆனா இது உடனே தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுக்கணும். சீழ் எலும்பைப் பிடிச்சிருந்தா விரலை எடுக்க வேண்டி வரலாம். இப்பவே பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. அதுவரைக்கும் கால் தரையில படக்கூடாதுங்கறதுக்காகச் சொல்றேன்."

"விரலையா?" என்றாள் இவள்.

"வேளைக்கு மாத்திரை, தினம் கட்டு, கால் மேல தூக்கி. இது மூணும் சரியா நடந்தா முக்காவாசி தப்பிச்சுடும்." டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க போடற ஷூ எத்தனாம் நம்பர்?"

"எட்டு மேடம். பதினெட்டு வயசுலேருந்து எட்டு."

"யாரு அளந்தா?"

"நான் செருப்புக் கடையிலதான் இருக்கேன் மேடம். முப்பது வருஷமா நான்தான் எல்லாருக்கும் அளக்கறேன்."

"சரி. உங்க காலை யாரு அளந்தா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். இவள் அவரைப் பார்த்தாள்.

"வயசாக ஆகக் கால் கொஞ்சம் நீளும், அகலமாகும்" என்றார் டாக்டர். "அதோட, உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு நல்லா இறுக்கிப் பிடிச்சாத்தான் ஏதோ மாட்டியிருக்கறதே தெரியும். அதனால இறுக்கமா இருக்கறதையே 'ஆகா, கச்சிதமா இருக்கு'ன்னு எடுத்துப்பீங்க. காலைக் கேட்டு வாங்காதீங்க, அது இனிமே சரியாச் சொல்லாது. அளந்து வாங்குங்க. முன்னால அகலமா, உயரமா, நுனியில ஒரு கட்டைவிரல் இடம் விட்டு. உங்க கடையிலயே அந்த மாதிரி இருக்குமே."

"இருக்கு மேடம்" என்றார் முனகலாக. "மாடிப்படிக்குக் கீழ."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவுக்குள் காலைத் தூக்கி இவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. இவளுடைய கால் இரண்டும் ஒடுங்கின செருப்புக்குள் காந்தின. அதைச் சொல்ல இதுவா நேரம்?

"மாடிப்படிக்குக் கீழ இருக்கற மாடலுக்கு நான் என்ன பேரு வச்சிருக்கேன் தெரியுமா?" என்றார் திடீரென்று. "பெட்டி. 'அம்மா, உங்களுக்குப் பெட்டி மாடல்தான் தோது'ன்னு கீழ கூட்டிட்டுப் போவேன். வயசானவங்க, கால் வீங்கினவங்க. பாவமா இருக்கும். அதப் போட்டுட்டு நான் எப்படிக் கடைக்குள்ள நடப்பேன்? என் காலைப் பாத்து எவன் வாங்குவான்? முதலாளி குடோனுக்கு அனுப்பிடுவார். பெட்டி எண்ணிட்டு உக்காரவேண்டியதுதான்."

"முதல்ல விரல் இருக்கட்டும். அப்புறம் அதுக்கு என்ன மாட்டலாம்னு யோசிப்போம்."

"நீ ஒண்ணு. உனக்கு இதெல்லாம் சிரிப்பா இருக்கு."

இவள் சிரிக்கவே இல்லை. மழைக்குத் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

அடுத்த நாளிலிருந்து வீடு ஒரு முறைக்கு வந்தது. கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிற மகள் காலையில் அப்பாவுக்குக் கட்டு மாற்றினாள். ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு, எதிரே முக்காலியில் தலையணை வைத்து, அதன் மேல் அவர் காலை ஏற்றிவிட்டு, தண்ணீர், மாத்திரை, போன், வேகவைத்த முட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அம்மாவும் மகளும் கிளம்புவார்கள். வீட்டில் காலைத் தரையில் வைக்கிற அவசியம் ஒன்றே ஒன்றுக்குத்தான். அதற்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த, குதிங்கால் மட்டும் தரையில் படுகிற ஒரு விசித்திரமான செருப்பு இருந்தது.

சலவைக்கூடத்தில் இவளுக்கு வேலை ஓடவில்லை. நீராவியில் சுவரெல்லாம் வியர்த்து வழிய, விரிப்புகள் வண்டி வண்டியாக வந்தன. ஒரு தலையணை உறையில் காய்ந்த இரத்தப் பொட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. சில்லுமூக்கு உடைந்த ஏதோ குழந்தையுடையது, ஒன்றுமில்லாதது. இருந்தாலும் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்குப் பதில் வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் செய்யாத தப்பு. வெந்நீர் பட்டால் இரத்தம் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் போகாது.

இஸ்திரி மேஜை அக்கா ஓடிவந்து கோலால் எடுத்து வெளியே போட்டாள். "டாக்டரே, உனக்கு என்ன ஆச்சு?"

"விரல எடுக்கணும்னா எங்கேருந்துக்கா எடுப்பாங்க? அடியோடயா?"

"எடுக்க மாட்டாங்க. சும்மா இரு."

"அவரு நடக்கற அழகைப் பாத்துத்தான்க்கா நான் கல்யாணத்துக்குச் சரின்னேன். எங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. பொண்ணு பாக்க வந்தப்ப, சந்துக்குள்ள தண்ணி தேங்கியிருந்துச்சு. ஷூ நனையாம ஒரு கல்லுலேருந்து இன்னொரு கல்லுக்குக் கால வச்சு வந்தாரு. மாடியிலேருந்து பாத்தேன்."

"அப்ப இன்னும் நல்லாவே நடப்பார். போ, போயி முகத்தைக் கழுவு."

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வேலை முடிந்து தெருமுனைக்கு வந்து, வழக்கம்போலச் சாவிக் கடைச் சுவரில் கையை ஊன்றிச் செருப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் படியேறினாள். ஜன்னல் ஓரத்தில் அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சமையல்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றார் அவர். "ஒண்ணு கேக்கணும். அந்த மூலையில தினம் என்ன நாடகம் நடக்குது?"

இவளுக்கு உடனே உறைக்கவில்லை. "எந்த மூலை?"

"சாவிக் கடைச் சுவரு. முதல் நாள் கால்ல கல்லு மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். ரெண்டாம் நாளும் கல்லா? இன்னைக்கு நல்லாப் பாத்துட்டேன். ஒரு ஷூவைக் கழட்டிப் பையில போடறே, நான் குடுத்ததை எடுத்து மாட்டறே, நாலே வீடு நடந்து வர்றே."

ஜன்னலை இவள் திரும்பிப் பார்த்தாள். சுவர், மூடின கடை, அதன் முன்னால் மழைத் தண்ணீர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது மனிதரை அங்கே உட்கார வைத்ததும் இவள்தான்.

"எனக்கு அஞ்சாங்கிளாஸ்லேருந்தே தெரியும்பா" என்றாள் மகள் உள்ளிருந்து.

"நீ சும்மா இருடி" என்றாள் இவள்.

"என்ன தெரியும்?"

"நீங்க குடுக்கற செருப்பு அம்மாவைக் கடிக்கும். அம்மாவோட சுண்டுவிரல் பாத்திருக்கீங்களா? பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கும்."

அவர் மனைவியின் காலைப் பார்த்தார். இவள் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காட்டு."

"வேண்டாம்."

"நீ என் காலை உருவிப் பாத்தியே. காட்டு."

காட்டினாள். பெருவிரல் உள்பக்கம் சாய்ந்து, அடியில் எலும்பு புடைத்திருந்தது. சுண்டுவிரலில் பழைய காய்ப்பு, பட்டாணி அளவில். அவர் குனிய முடியாமல் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். ஊரில் இருக்கிற காலையெல்லாம் மடியில் தூக்கி வைத்துப் பார்த்த மனிதர்.

"ஏன் சொல்லல?"

"முதல் நாள் சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"இருபத்திரண்டு வருஷமா?"

"ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கும்போது உங்க முகம் அப்படி இருக்கும். 'இந்த வருஷம் இதுதான் பேஷன், உனக்குன்னே எடுத்து வச்சேன்'னு சொல்வீங்க. அதப்போய்க் கெடுப்பாங்களா?"

"நான் என்னத்தக் கிழிச்சேன்னு முப்பது வருஷமா அங்க நிக்கிறேன்?" என்றார் அவர். "யாருக்கோ எல்லாம் சரியாப் பாத்துக் குடுத்தேன். வீட்டுல இருக்கறவளுக்கு நம்பர் தெரியல. எனக்கே தெரியல."

இவளுக்குப் பரிதாபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இத்தனை நாள் அடக்கினது எல்லாம் சேர்ந்து வந்தது.

"உங்களுக்கென்ன, வலிக்கலன்னு சொன்னீங்க. நெஜமாவே வலிக்கல. நான் வலிய வச்சுக்கிட்டு வலிக்கலன்னு சொன்னேன். நம்ம ரெண்டு பேருல யாரு பெரிய முட்டாளுன்னு நீங்களே சொல்லுங்க. உங்க விரல் போச்சுன்னா சர்க்கரையால போச்சு. என் காலு போனா எதால போகும்? வாயைத் தொறக்காததாலதானே? ரெண்டு கால்ல நின்னு பொழைக்கிறவ நான். இனிமே அந்தக் கறுப்புச் செருப்பு என் கால்ல ஏறாது. சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. சமையல்கட்டில் குக்கரைத் திறக்கிற ஓசை கேட்டது.

"சாப்பாடு ஆயிடுச்சு" என்றாள் மகள் தட்டுகளோடு வந்து. "சண்டையைச் சாப்பிட்டுட்டு வச்சுக்கங்க."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவின பிறகு, "அந்தக் கான்வாஸ் ஷூ எங்க வாங்கினே?" என்று கேட்டார்.

"மார்க்கெட்டுல."

"நல்லாவே இல்ல பாக்கறதுக்கு."

"ஆமா. ஆனா கடிக்காது."

அவர் உதட்டோரம் அசைந்தது. சிரிப்புத்தான்.

பதினைந்தாம் நாள் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் அம்மாள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வெளியே யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. இவள் புருஷனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அது கசங்கும் என்று அவர் சொல்லவில்லை. அதிலிருந்தே அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

"எலும்பு சுத்தம்" என்றார் டாக்டர். "புண்ணும் நல்லா மூடிட்டு வருது. விரல் உங்களோடதுதான்."

இவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் டாக்டரைக் கும்பிட்டார். அப்புறம் யாருக்கும் தெரியாமல், கட்டுக்குள் இருந்த பெருவிரலை மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டார். இவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப கடைக்குப் போகணும்" என்றார் வெளியே வந்ததும்.

"இன்னைக்கேவா?"

"சாயங்காலந்தான் கால் அளக்கணும். நின்னு நடந்து, கால் நல்லா விரிஞ்சிருக்கும். காலையில அளந்தா சின்னதாக் காட்டும். இதையும் தினம் பத்துப் பேருக்குச் சொல்றவன்தான் நான்."

மழை விட்டு வெயில் அடித்தது. கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்தார். "பாதியா இளைச்சுட்டியேப்பா. எப்ப வர்றே?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வசனம். "முதலாளி, ஒரு விஷயம். இனிமே நான் புது மாடல் போட முடியாது. மாடிப்படிக்குக் கீழ இருக்கறதுதான்."

"எது கீழ இருக்கு?"

"பெட்டி மாடல்."

"போட்டுக்க. அதுக்கென்ன." முதலாளிக்கு அதில் ஒரு செய்தி இருப்பதாகவே படவில்லை. "நீ முதல்ல வந்து சேரு. நீ இல்லாம ரெண்டு வாரமா வர்றவங்க ரேக்கைச் சுத்திப் பாத்துட்டுப் பேசாம போயிடறாங்க. நின்னு நாலு வார்த்த பேச ஆள் இல்ல."

இவள் அவர் காதருகே வந்து, "பாத்தீங்களா, இத்தனை வருஷம் வித்தது காலு இல்ல, வாயி" என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தோஷமே ஜெயித்தது.

வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் முதல்முறையாக அவர் உட்கார்ந்தார். முன்னால் போட்டிருந்த குட்டி முக்காலியில் இவள் உட்கார்ந்தாள். அளவுப் பலகையை இழுத்துத் தரையில் வைத்தாள். தகரம் தேய்ந்து, எண்கள் பாதி அழிந்திருந்தன.

"குதிங்கால் பின்னாடி முட்டணும்" என்றார் அவர்.

"முட்டிருச்சு."

"இப்ப எழுந்து நின்னு அளக்கணும். உக்காந்து அளந்தா தப்பு. இடது காலைத்தான் வைக்கறேன், புண்ணு மேல தகடு படக்கூடாது. அந்தத் தகட்டை மெல்லத் தள்ளு. எட்டுதானே?"

"நீங்க வாயை மூடுங்க. நான் பாக்கறேன்." குனிந்து பார்த்தாள். ஓட்டலில் கறை பார்க்கிற அதே கண். "ஒம்பது."

"திருப்பிப் பாரு."

"ஒம்பதைத் தாண்டி ஒரு நூல் நிக்குது."

அவரே மெல்ல நடந்து மாடிப்படிக்குக் கீழே போய், கறுப்பாக, அகலமாக, முன்னால் உருண்டையாக இருந்த ஒரு ஜோடியோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் மணிக்கட்டு வரை கையை விட்டு, நுனிவரை தடவி, பெரிய காகிதத்தை எடுத்து, சின்னதையும் தேடி எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். இவளிடம் நீட்டினார். இவளும் கையை விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் கட்டோடு கால் உள்ளே போனது. நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இடம் இருந்தது.

"எப்படி இருக்கு?"

"என்னைக் கேக்காதே. எனக்கு ஒண்ணுமே மாட்டாத மாதிரி இருக்கு" என்றார். "டாக்டர் சொன்னபடி பாத்தா, அப்ப இதுதான் சரி."

எழுந்து இரண்டடி நடந்தார். கண்ணாடியில் கீழே பார்த்தார். முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. கடைக்கோடியில் துடைத்துக்கொண்டிருந்த பையனோ, கல்லாவில் இருந்த முதலாளியோ, உள்ளே நுழைந்த ஒரு தாயும் மகளுமோ யாருமே அவர் காலைப் பார்க்கவில்லை.

"இப்ப நீ" என்றார். "அந்த நாற்காலியில உக்காரு."

"எனக்கெதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு. மண்டி போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, முக்காலியில உக்காந்தே பாக்கறேன்."

கான்வாஸ் ஷூவைக் கழற்றினாள். அவர் அந்த ஏறி உட்கார்ந்த சுண்டுவிரலையும் புடைத்த எலும்பையும் கண்ணை எடுக்காமல் பார்த்து, குதிங்காலைப் பலகையில் பதித்து, எழுந்து நிற்கச் சொல்லி, தகட்டைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். ஐந்தைத் தாண்டியது. ஆறையும் தொட்டு நின்றது. தகட்டின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பிறகு எழுந்து போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஆறாம் நம்பர், தட்டையான அடி, மெத்தென்ற தோல், நிறம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று கருஞ்சிவப்பு. அந்த விஷயத்தில் அவர் திருந்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. கையைவிட்டுக் காகிதத்தை உருவினார், கவிழ்த்துத் தட்டினார், மாட்டிவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம், அதே எதிர்பார்ப்பு.

"இறுக்குதா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்கமான இடமல்லவா. நல்ல அழகான செருப்பு வேறு. இவள் செருப்புக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் பிடித்தது.

"இறுக்குது" என்றாள்.

அவர் முகம் வாடிவிடும் என்று பயந்திருந்தாள். வாடவில்லை. "எங்க?" என்றார். இவள் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினாள். அவர் அந்த இடத்தைத் தோலின் மேலாக விரலால் தடவிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். "இரு, இதைவிட அகலம் உள்ள இருக்கு" என்று எழுந்து, பெட்டி மாடல் கால்களோடு, அவசரமில்லாமல், ரேக்குகளுக்கு நடுவே நடந்து போனார். நடை அப்படியேதான் இருந்தது. இவள் ஒரு காலில் கருஞ்சிவப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்து, அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.